அசல் சிவப்பு

அத்தியாயம் 11

பந்து கூடைக்குள் விழவில்லை என்பதற்காக ஒரு பையனைச் செத்துத் தொலை என்று சொல்கிறவனை நான் என்னவென்று சொல்வது? மிருகம் என்றால் மிருகங்கள் கோபித்துக்கொள்ளும். நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. கெட்ட வார்த்தைகள் நிறையக் கிடைத்தன. அவற்றைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

என் நாத்தனார் டெனிஸின் மகன் ரீட், சிவப்பு அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறான். எங்கள் ஊர் ஃபோர்ட் வெயினில் சிவப்பு எது, கறுப்பு எது என்று கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இரண்டும் இந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள். இரண்டும் எங்கள் ஊரில் இல்லை. எது ஒன்றுக்குப் போவதென்றாலும் காரில் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தமாகச் சொல்லிக்கொள்ள ஒரு பெரிய அணி இல்லாத ஊர், அடுத்த ஊர் அணிகளுக்காகத் தனக்குள்ளேயே அடித்துக்கொள்கிறது. அந்த வளாகங்களில் ஒரு நாள்கூட பாடம் படிக்காதவர்கள்தான் தொண்டை கிழியக் கத்துவார்கள். என் கணவர் டேல் உட்பட.

அதனால்தான், ஊர்ப் பையன் ஒருவன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் ஊருக்கே பிள்ளையாகிவிடுகிறான். ரீட்டின் பள்ளிக்கூடச் சட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லிண்டன் தெரு மதுக்கடையில் மாட்டினார்கள். போன மாதம் கறுப்பு அணியோடு நடந்த ஆட்டத்தில், கடைசி நொடியில், தடுப்பார் இல்லாமல் கோட்டில் நின்று எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் ரீட் தவறவிட்டான். மறுநாளே அந்தச் சட்டத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டார்கள். பிள்ளை தண்டனை அனுபவிக்கிறானாம். கருமம்.

அது போதாதென்று அவன் போனுக்கு வந்து குவிந்த அசிங்கம் இருக்கிறதே! முகம் தெரியாத நூறு பேர் எழுதினார்கள். அதில் ஒருத்தன் மட்டும் நிறுத்தவே இல்லை. 'அசல் சிவப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டவன். அதையெல்லாம் ரீட் பார்க்கக் கூடாது என்று என் மகள் ஆட்ரி அவனுடைய கணக்கைத் தன் போனிலும் திறந்து வைத்துக்கொண்டு, வர வர அழித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் சாக்கடை வாருவது போல.

இந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் நான் வேலை பார்க்கும் வாகனப் பதிவு அலுவலகத்தில் முதல் ஆளே விவகாரமான ஆள். சிவப்புத் தொப்பி, சிவப்பு ஜாக்கெட், மூக்கும் சிவப்பு. தன் வண்டிக்குச் சிவப்பு அணியின் நம்பர் பலகை வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

"இன்னைக்கு சாயங்காலம் ஆட்டம் பாப்பீங்கல்ல?" என்றார்.

"பாப்பேன்."

"அந்த ரீட் ஹாக்மையர் பயலை மட்டும் இறக்காம இருந்தா ஜெயிப்போம். கை நடுங்குது அவனுக்கு. எங்க மாமியாருக்கு வாதம். அவங்களே ரெண்டுல ஒண்ணு போட்டுருவாங்க."

என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பலகையில் ஜெரார்டோ என்ற குடும்பப் பெயர்தான் இருந்தது. அத்தைக்காரி என்று அதில் போட்டிருக்கவில்லையே.

"பலகை தபால்ல வரும். தவறிப்போய் கறுப்பு வந்துட்டா இங்க வந்து கத்தக் கூடாது," என்றேன்.

"என்னது! அப்படியெல்லாம் வருமா?"

"வந்திருக்கு."

அப்படி எதுவும் வந்ததில்லை. ஆனால் தபால் வரும்வரை அந்த மனிதர் சரியாகத் தூங்க மாட்டார் என்று நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது.

மத்தியானம் ரொட்டியைப் பிரித்து வாயில் வைக்கப்போகும்போது டெனிஸ் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதுமே ரொட்டியை மூடி வைத்துவிட்டேன்.

"அண்ணி, அந்த 'அசல் சிவப்பு' நேத்து எழுதினதை ஆட்ரி அழிக்கறதுக்குள்ள ரீட் பாத்துட்டானாம்."

"என்ன எழுதியிருந்தான்?"

"'உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உங்கப்பன் ஓடிப்போனான்'னு."

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. ரீட் தொட்டிலில் கிடக்கும்போதே அவன் அப்பன் போய்விட்டான். டெனிஸ் அதை வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தவள் அல்ல. வேலைக்காக வெளியூரில் இருக்கிறார் என்றுதான் பல வருஷம் சொல்லி வந்தாள்.

"அது எப்படி அண்ணி வெளியாளுக்குத் தெரியும்? நம்மளத் தெரிஞ்சவன்தான். நம்ம கோயில்ல நமக்குப் பக்கத்துல நின்னு கை குடுத்து சமாதானம் சொல்றவன்தான்."

"யாருன்னு நினைக்கறே?"

"வெர்ன். வேற யாரு? கறுப்புச் சட்டையோட பொறந்தவன், சிவப்புன்னு பேர் வச்சுக்கிட்டு நடிக்கறான். ரீட் தோத்த அன்னைக்கு எனக்கு ஆப்பிள் பை கொண்டாந்து குடுத்தான், இளிச்சுக்கிட்டே."

வெர்ன் எங்கள் ஆலயத்துக்கு வரும் கறுப்புக் கட்சிக்காரர். எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம். ஆப்பிள் வைத்துச் சுட்ட அந்தப் பையை நான்தான் குப்பையில் போட்டேன். நல்ல பை வேறு.

"அவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணி. வேற ஒண்ணும் வேண்டாம். ரீட், தெருவுல எதிர்ல வர்ற ஒவ்வொருத்தனையும் இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு நினைக்கறானாம். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வாடான்னா, வரமாட்டேங்கறான். சொந்த ஊருக்கு வர பயமா இருக்கும்மாங்கறான். இந்த சீசனோட பந்தையே தொடமாட்டேன்னு சொல்றான்." டெனிஸ் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு பந்து போனா போகுது. என் பையன் வீட்டுக்கு வரணும்."

"கண்டுபிடிக்கறேன்," என்றேன். "கண்டுபிடிச்சு அவன் வாயில கொதிக்கற எண்ணெய ஊத்தறேன்."

இதை நான் சும்மா சொல்லவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் புனித ஒடிலியா ஆலயக் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவோம். எண்ணெய்க்கு அங்கே பஞ்சமே கிடையாது.

சாயங்காலம் நான் போனபோது கூடம் நிரம்பியிருந்தது. இடது பக்க மேசைகளில் சிவப்பு, வலது பக்கத்தில் கறுப்பு. யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. கல்யாணமாகி எதிர்ப்பக்கத்துக்குப் போன பெண்கள்கூட அங்கே தங்கள் அப்பாக்கள் பக்கம்தான் உட்காருவார்கள். எதிரே பெரிய திரை. பங்குத்தந்தையின் கணினியிலிருந்து இணையம் வழியாக ஆட்டம் அதில் வரும். அது நிஜ ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் பின்தங்கித்தான் வரும். யாராவது போனில் ஸ்கோர் பார்த்து முன்னாலேயே உளறிவிட்டால் அவருக்குப் பரிகாரமே கிடையாது. அதனால் வாசலில் ரொட்டிக்கூடை வைத்திருப்போம். எல்லாருடைய போனும் அதில் போய்விடும். ரீட்டின் கணக்கைக் காவல் காக்கிற ஆட்ரிக்கு மட்டும் விலக்கு. சமையலறையில் நிற்பவர்களிடம் யாரும் கூடை நீட்டுவதில்லை, எண்ணெய்க் கையோடு போனைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

டேல் மீன் வறுக்கிறவர். கொதிக்கிற சட்டி முன்னால் நின்றுகொண்டு திரையைப் பார்க்க முடியாது என்பதால் காதில் ரேடியோ மாட்டிக்கொள்வார். ரேடியோ பின்தங்காது. ஆக, அந்தக் கூடத்தில் எதுவானாலும் முதலில் தெரிவது டேலுக்குத்தான். வாயைத் திறக்க மாட்டார், சத்தியம் செய்திருக்கிறார். முகம்தான் காட்டிக்கொடுத்துவிடும். பந்து விழப்போகிறதா இல்லையா என்பதை, திரையில் ஆள் எம்புவதற்கு முன்பே டேலின் புருவம் சொல்லிவிடும். அதனால் கடைசி ஐந்து நிமிடம் வந்துவிட்டால் சமையலறை ஜன்னலின் தகரக் கதவை இறக்கிவிடுவது எங்கள் கூடத்து வழக்கம்.

"பெர்னி, உன் புருஷன் மூஞ்சியை மூடு! இல்லன்னா நான் மூடவா?" என்று அன்றைக்கும் கத்தினார் வெர்ன். ஆப்பிள் பை வெட்டும் மேசையில், கறுப்புத் தொப்பியோடு, கையில் கத்தியோடு நின்றிருந்தார். கத்தியைப் பிடுங்கி அவர் தொப்பியிலேயே சொருகலாமா என்றிருந்தது எனக்கு.

"இன்னைக்கு உங்க அணி ஆடலையே. உங்களுக்கென்ன அவ்வளவு அக்கறை?" என்றேன்.

"சிவப்பு தோக்கறதைப் பாக்கறதும் ஒரு அக்கறைதானே!"

வலது பக்கம் முழுக்கச் சிரித்தது. டெனிஸ் சிரிக்காமல் முட்டைக்கோஸ் சாலடைத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டம் நடப்பது இண்டியானாபொலிஸில். அவள் நேரில் போகவில்லை. போன முறை போனபோது பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், முன்னால் இருப்பது அவன் அம்மா என்று தெரிந்தே கத்தியிருக்கிறார்கள்.

சிவப்பு அணிக்கு எதிரி அன்றைக்கு வெளிமாநிலத்து மஞ்சள் அணி. தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் நாளைக்கும் ஆட்டம். ரீட் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போக வேண்டி வருமோ என்று பயந்து, கூடைப் பக்கமே போகாமல் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தான். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கோச் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்தான்.

கடைசி ஐந்து நிமிடம். நான் ஜன்னல் கதவை இறக்கப் போனேன். டேல் உள்ளேயிருந்து கண்ணடித்தார். "கவலைப்படாதே பெர்னி. ஜெயிச்சிருவோம்," என்றார். அப்போது அவர் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. விரலால் துடைத்துவிட்டு, கதவை இறக்கிவிட்டு வந்தேன். அந்த விரலை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

வந்து ஆட்ரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு புள்ளி பின்னடைவு, ஒரு நிமிடம்கூட பாக்கியில்லை. அப்போது ஆட்ரியின் போன் அதிர்ந்தது. பார்த்தவள் முகம் வெளிறிவிட்டது.

"அவன்தாம்மா."

வாங்கிப் படித்தேன். 'மறுபடியும் ரெண்டையும் கோட்டை விட்டியேடா, மானங்கெட்டவனே. இனிமே இந்த ஊர்ல கால வைக்காதே. வந்தா நானே உன் காலை உடைப்பேன்.'

எனக்கு முதலில் தோன்றியது, ஐயோ, ஒரு நிமிடம் கழித்துத் திரையில் ரீட் மறுபடி தவறவிடப் போகிறானே என்பதுதான். டெனிஸைப் பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

திரையில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் விழுந்தான். நடுவர் ஊதினார். இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் வந்து நின்றவன் ரீட் இல்லை. நீல்சன் என்று ஒரு ஒல்லிப் பையன். முதலாவது போச்சு. இரண்டாவதும் போச்சு. கூடத்தின் இடது பக்கம் 'ஐயோ' என்றது.

ரீட் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அம்மா, ரீட் உக்காந்துல்ல இருக்கான்!" ஆட்ரி என் கையைக் கிள்ளினாள். "தவற விட்டது நீல்சன். பன்னெண்டாம் நம்பர். ரீட் இருபத்தொண்ணு. இவன் எதுக்கு ரீட்டைத் திட்டறான்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு அணியின் ரேடியோ வர்ணனையாளர் கிழவர். கண் தெரியாது, விடவும் மனசில்லை. பன்னிரண்டை இருபத்தொன்று என்பார், இருபத்தொன்றைப் பன்னிரண்டு என்பார், கொஞ்ச நேரம் கழித்து 'மன்னிக்கவும் நேயர்களே' என்று திருத்திக்கொள்வார். மாநிலமே அவரை வைத்துச் சிரிக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு அடுத்த நாளும் சாப்பாட்டு மேசையில் டேல் அவரைப் போலவே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார்.

திரையில் பார்த்தவன் யாரும் ரீட்டைத் திட்டியிருக்க மாட்டான். ரேடியோவில் மட்டும் கேட்டவன்தான் திட்டியிருக்கிறான்.

ரேடியோ கேட்கிறவன் மாநிலம் பூராவும் இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டெனிஸின் புருஷன் ஓடிப்போன கதையும் தெரிந்து, ரேடியோவும் கேட்கிறவன் எத்தனை பேர் இருப்பான்? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கால் தானாக எழுந்துவிட்டது.

"எங்கம்மா போறே?"

"நீ இங்கயே இரு."

சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளினேன். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. டேல் எனக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சாய்த்து நின்று, இரண்டு கட்டை விரலாலும் போனில் தட்டிக்கொண்டிருந்தார். போன் முழுக்க மாவு. நான் தோளுக்குப் பின்னால் போய் நின்றதுகூடத் தெரியவில்லை. திரையின் மேலே 'அசல் சிவப்பு' என்று இருந்தது. கீழே, 'உங்கம்மா உன்னைப் பெத்ததுக்குப் பதிலா' என்பது வரை எழுதியிருந்தார்.

'உங்கம்மா.' அந்த அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் சாலட் போட்டுக்கொண்டிருக்கும் அவருடைய கூடப்பிறந்த தங்கை.

போனைப் பிடுங்கினேன். திரும்பினான். ஆமாம், திரும்பினான் என்றுதான் எழுதியிருக்கிறேன். இனிமேல் அவனுக்கு 'அவர்' போட எனக்குக் கை வரவில்லை.

"பெர்னி..."

"பேசாதே."

"நீ நினைக்கற மாதிரி இல்ல."

"நான் என்ன நினைக்கறேன்னு உனக்குத் தெரியுமா? வாந்தி எடுக்கணும்னு நினைக்கறேன். எங்க எடுக்கறதுன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"எல்லாரும்தான் எழுதறாங்க. ஆட்டம்னா அப்படித்தான். ரத்தம் கொதிக்கும். எழுதிட்டா அடங்கிடும்."

"டேல், அவன் உன் தங்கச்சி பையன்! தொட்டில்ல கிடந்தப்ப நீ தூக்கின பையன்!"

"நான் ரீட்டுக்கு எழுதல." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பொய்யே இல்லை, அதுதான் அசிங்கம். "இருபத்தொண்ணாம் நம்பருக்கு எழுதினேன். ரீட் வேற. ரீட் வீட்டுக்கு வந்தா நான் வச்சுத் தாங்கறேனா இல்லையா? சொல்லு. கோட்டுல நின்னு கோட்டை விடறவன் வேற ஆளு."

"அப்பன் ஓடிப்போனது இருபத்தொண்ணாம் நம்பருக்கா?"

மீன் கருகும் வாசனை வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எனக்குன்னு என்ன இருக்கு பெர்னி?" என்றான் கடைசியில். "பஸ் டிப்போவுல எண்ணெய் மாத்தறேன். இங்க மீன் வறுக்கறேன். வருஷத்துல நாலு மாசம் அவங்க ஜெயிச்சா நானும் ஜெயிக்கறேன். அதையும் ஒருத்தன் கெடுத்தான்னா..."

"அதுக்கு அவன் சாகணுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கண் என்னை விட்டு விலகி எங்கோ போனது. ஒரு விரலைத் தூக்கினான்.

கொஞ்சம் பொறு என்கிறான்! காதில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் குடும்பம் உடைந்து நிற்கிறேன், அவன் பந்து எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். முப்பது வருஷம் இந்த மனிதனோடு ஒரே தலையணையில் படுத்திருக்கிறேன். சீ! எனக்கு என் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்தது.

அவன் புருவம் மேலே ஏறியது. கண் விரிந்தது. அடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சத்தம் வராமல் குதித்தான்.

"போட்டுட்டான்!" என்றான், கிசுகிசுப்பாக. கண்ணில் தண்ணீர். "மூலையிலேர்ந்து போட்டுட்டான் பெர்னி! மணி அடிக்கறதுக்குள்ள! நம்ம ரீட்! என் பையன்!"

என்னைக் கட்டிக்கொள்ள வந்தான். பக்கத்தில் கிடந்த நீள இடுக்கியை எடுத்து நீட்டினேன். நின்றுவிட்டான்.

கூடத்துக்கு இன்னும் தெரியாது. அந்த ஒரு நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றோம். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். திரையில் கோச் இப்போதுதான் ரீட்டை எழுப்பி உள்ளே அனுப்பியிருப்பார். டெனிஸ் இப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கோத்திருப்பாள். எல்லாம் முடிந்துபோனது தெரியாமல் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கூடம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தகரக் கதவு படாரென்று மேலே போனது. தூக்கியது வெர்ன்தான். தொப்பியைக் காணோம்.

"டேல்! பாத்தியாடா உன் மருமகனை! நான் கை தட்டினேன்டா, கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு! எங்கப்பா கல்லறையில புரண்டு படுத்திருப்பார்!" ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்து டேலின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அன்னைக்கு அந்தப் பயலை என்ன பாடு படுத்திட்டாங்க பெர்னி. எனக்கு மனசே ஆறல. டெனிஸுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம ஒரு ஆப்பிள் பைய மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்."

அந்தப் பையைத்தான் நான் குப்பையில் போட்டேன்.

வரிசையாக வந்தார்கள். சிவப்பும் வந்தது, கறுப்பும் வந்தது. டேலின் முதுகில் தட்டினார்கள், கையைக் குலுக்கினார்கள், பங்குத்தந்தை நெற்றியில் சிலுவை போட்டார். "மாமன்னா இப்படி இருக்கணும்," என்றாள் ஒரு அம்மாள். ஒவ்வொரு கையையும் அவன் வாங்கிக்கொண்டான். கூச்சமே இல்லை. யாரோ லிண்டன் தெரு மதுக்கடைக்குப் போன் போட்டு, "சட்டத்தைத் திருப்பி மாட்டுங்கடா!" என்று கத்தினார்கள். ஒரு பந்து உள்ளே போனதும் பிள்ளை மறுபடி பிள்ளையாகிவிட்டான் பாருங்கள்.

டெனிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, "இனிமே எழுதமாட்டான்ல அண்ணி? ஜெயிச்சுட்டானே, இனிமே விட்டுருவான்ல?" என்றாள்.

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எப்படிச் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

கூட்டம் கலைந்து, நாங்கள் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது என் ஏப்ரன் பைக்குள் டேலின் போன் அடித்தது. பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ரீட்டின் பெயர். கூடவே படம். ரீட்டும் டேலும் ஏரிக்கரையில் ஆளுக்கொரு மீனைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

காய்ந்த மாவுக்கு மேல் விரலை வைத்து எடுத்தேன்.

"மாமா?"

"அத்தைடா. கண்ணா, எப்படிப் போட்டே நீ!"

"அத்தை..." ஜெயித்த பையனின் குரல் இல்லை அது. "போனைப் பாக்காதேன்னு ஆட்ரி சொன்னா. பாத்துட்டேன். நான் பெஞ்சுல சும்மா உக்காந்திருந்தப்பவே எழுதியிருக்கான். நான் ஒண்ணுமே பண்ணல அத்தை. ஊர்ல காலை வச்சா உடைப்பேன்கறான்."

நான் டேலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாளைக்கு ஆட்டம் வரைக்கும் வீட்டு ஆள் யாராவது வந்து கூட இருக்கட்டும்னு கோச் சொல்றார். மாமாவை வரச் சொல்றீங்களா? அம்மா வேண்டாம், அழுவாங்க. மாமா வந்து ரூம்ல சும்மா படுத்திருந்தா போதும். நான் தூங்கிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினான். "யாரைப் பாத்தாலும் இவனா இருக்குமோன்னு தோணுது அத்தை. மாமா ஒருத்தரைத்தான் அப்படித் தோணவே இல்ல."

அடுப்புப் பக்கத்தில் நின்ற டேலுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். தரையில் விழுவான், குறைந்தபட்சம் தலையையாவது குனிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கையைத் துணியில் துடைத்தான். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டினான். கார்ச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"வர்றேன்னு சொல்லு," என்றான். "ரெண்டு மணி நேரத்துல அங்க இருப்பேன்."

நிஜமாகவே போகக் கிளம்பிவிட்டான் பாருங்கள். போய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டிருப்பான். காலையில் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பான். அதன் பிறகு பந்து தவறினால், கழிவறைக்குப் போய் எழுதியிருப்பான்.

நான் கதவை மறைத்து நின்றேன்.

"ரீட், மாமா வரல. நான் வர்றேன்."

"ஏன் அத்தை? மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?"

கழுவ வேண்டிய கடைசித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு டெனிஸ் உள்ளே வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "யாரு, என் பையனா? குடுங்க அண்ணி, குடுங்க!"

நான் கொடுக்கவில்லை. குரல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பொத்தானை அழுத்தி, போனை டேலின் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"ஏன்னு கேக்கறான் பாரு. நீயே சொல்லு."

"பெர்னி, வேண்டாம்," என்றான், உதடு மட்டும் அசைய.

"மாமா?" என்றது போன். "மாமா, இருக்கீங்களா? என்னாச்சு?"

டெனிஸ் தட்டுகளைக் கீழே வைக்காமல், இன்னும் மாறாத சிரிப்போடு, தன் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.